சொல்லாமல் விட்ட உத்தரம்

ஸ்ரெல்லாவின் உயரம் நாலடி ஒன்பதங்குலம். இலங்கையின் பேசாலையில் பிறந்து, இருபத்தெட்டாவது வயதில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, பத்தொன்பது வருஷம் வீட்டு வேலை செய்தவள். வீட்டுக்கார அம்மாக்களான சிஞ்ஞோராக்களின் அலுமாரி உச்சியைத் துடைக்கக் கதிரை தேடுவதும், பஸ்ஸில் கைபிடி எட்டாமல் பக்கத்தில் நிற்பவர்களின் தோளில் மோதுவதுமாகக் காலம் போயிற்று. நாற்பத்தேழு வயதில்தான் அந்தக் குள்ள உடம்பைத் தேடி ஒரு வேலை வந்தது. ஓட்டுக்கூரையின் அடியில், ஆண்கள் நுழைய முடியாத மூலைகளுக்குள் ஊர்ந்து போய், அங்கே காய்ந்து இறுகியிருக்கும் நுரையை வெட்டியெடுக்கும் வேலை.

அந்த நுரை அங்கே வந்தது பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்னால். வெயிலும் குளிரும் வீட்டுக்குள் இறங்காது என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். குழாய் வழியாக ஓட்டின் அடிப்புறத்தில் எதையோ பீச்சினார்கள். அது மஞ்சளாகப் பொங்கி, ஓடு, சட்டம், உத்தரம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கல்லாகிவிட்டது. வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் பழைய ஓடுகள் ஒழுகாமல் இருக்குமா? ஒழுகிய தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. நுரைக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று, வருஷக்கணக்காக மரத்தைத் தின்றது. இப்போது வீட்டை விற்கப் போனால் எஞ்சினியர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, உத்தரம் எங்கே, காட்டுங்கள் என்கிறார். காட்டுவதென்றால் நுரையை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு மெஷின் இல்லை. அரிவாளும் உளியும் கம்பிப் புருசும் மனிதக் கையும்தான்.

இந்த வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவன் அகஸ்ரின். தமிழ்ப் பூசைக்கு ஞாயிறு தவறாமல் வருகிறவன். ஊர்காவற்றுறைப் பக்கம். மனைவி கிளறா, ஒன்பது வயதில் ஒரு மகள். கஸ்பாரே என்ற சிறிய ஒப்பந்தக்காரனிடம் ஆறு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தான். ஸ்ரெல்லா பார்த்துவந்த கிழட்டு சிஞ்ஞோரா செத்துப்போய், மாடிப்படி கழுவுவதைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் அவள் அலைந்த நாட்களில், கூட்டித் துடைக்க ஓராள் தேவை வாங்கோ அக்கா என்று அழைத்துப் போனவன் அவன்தான்.

முதல் வீடு போர்கோ வெக்கியோவில் ஒரு நான்காம் மாடி. கூரை சரிந்து சுவரைத் தொடும் இடத்தில் ஒன்றரை அடி உயரம்தான் இருந்தது. அகஸ்ரின் தலையை நுழைத்துப் பார்த்தான், தோள் நுழையவில்லை. கஸ்பாரே ஓட்டைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்க, விளக்குமாற்றுடன் நின்ற ஸ்ரெல்லா, நான் போய்ப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு மணித்தியாலம் கழித்து அவள் வெளியே வந்தபோது மூலை துப்புரவாகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமையே கஸ்பாரே அவளுக்கு முறையான ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தான். அத்தனை வருஷமும் கணக்கில் வராத வேலைகளையே செய்தவளுக்கு அந்தத் தாள்தான் பெரிது. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவை ஜூலையில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதை வழங்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் ஒப்பந்தத் தாளைத்தான் கேட்பார்கள். கணவன் எட்டு வருஷத்துக்கு முன் ஜெர்மனிக்குப் போனவன், போன் எடுப்பதும் நின்றுவிட்டது. பதினேழு வயது மகள் ஜெனுஷாவும் அவளும்தான்.

வேலை லேசானதல்ல. வெள்ளை உறை உடுப்பு, முகத்தை மூடிய மாஸ்க், நெற்றியில் விளக்கு. வயிற்றில் ஊர்ந்துபோய், மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே அறுக்க வேண்டும். நுரையின் தூள் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டு குளித்தாலும் போகாது. மே மாதத்திலேயே ஓட்டின் கீழ் அடுப்புக்குள் படுத்த மாதிரி இருக்கும். இருமல் ஒன்று பிடித்து விடவேயில்லை. அவளுடைய உடுப்புகளை ஜெனுஷா தன்னுடையவற்றோடு சேர்த்துத் தோய்க்க விடமாட்டாள். இத்தனை இருந்தும் ஸ்ரெல்லாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நுரைத் துண்டு ஒன்று முழுசாகக் கழன்று வந்து, அடியில் இருநூறு வருஷத்து மரம் தெரியும்போது அவளுக்குள் ஒரு நிறைவு வரும். இந்த நகரத்தில் தன்னால் மட்டும் செய்ய முடிகிற வேலை என்று ஒன்று இருப்பது அவளுக்குப் புதிது.

மே மாதக் கடைசியில் அவர்கள் கால்சாவில் ஒரு பழைய மாளிகையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் வடக்கில் இருந்தார். உல்லாசப் பயணிகளுக்கு விடுதியாக்கப் போகிறாராம். மாளிகையின் பெரிய மண்டபத்துக்கு மேலேதான் நுரை இருந்த கூரையறை. அங்கே ஒரு ஆபத்து உண்டு. மண்டபத்தின் சித்திரம் தீட்டிய சீலிங் வெறும் நாணல் தட்டி. அதன்மேல் சாந்து பூசி, கீழே தேவதூதர்களையும் பழக்கூடைகளையும் வரைந்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால், அன்று பீச்சியபோது சிதறிய நுரை அந்த நாணல் மேலும் படிந்து, பார்வைக்குக் கெட்டியான தரையாகத் தெரியும். கால் வைத்தால் ஆறு மீற்றர் கீழே பளிங்குத் தரை. ஆகவே உத்தரத்துக்கு உத்தரம் பலகை போட்டு, இடுப்புப் பட்டியைக் கயிற்றில் கொழுவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உத்தரத்தை ஸ்ரெல்லாவும் அகஸ்ரினும் ஊர்ப் பேச்சில் தீராந்தி என்பார்கள். கிழக்குப் பக்கமிருந்து எண்ணி, ஒன்றாம் தீராந்தி, இரண்டாம் தீராந்தி என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை ஸ்ரெல்லா ஐந்தாம் தீராந்தியின் அடிமூலைக்குள் கிடந்தாள். உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில் நுரையை வெட்டி இழுத்தபோது அது ஈரமாக வந்தது. புகையிலை ஊறிய மாதிரி ஒரு மணம். உளியை மரத்தில் வைத்து உள்ளங்கையால் தள்ளினாள். அது கைப்பிடி வரைக்கும் போயிற்று. இழுத்தபோது கரிய தூள் மாஸ்க் கண்ணாடியில் கொட்டியது. நடுவில் பார்த்தால் ஆனைக்காலாட்டம் நிற்கும் உத்தரம், நுனியில் வெறும் மாவாக இருந்தது. நுரைதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அகஸ்ரின் அன்றும் மறுநாளும் லீவு. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஸ்ரெல்லா போனில் ஒரு படம் எடுத்து, குரல் பதிவு ஒன்றும் சேர்த்து ஜெனுஷாவுக்கு அனுப்பினாள். ஜெனுஷா பள்ளிக்கூட இடைவேளையில் அதை இத்தாலியனில் எழுதி அனுப்ப, தாய் அதையும் படத்தையும் அப்படியே கஸ்பாரேக்கு அனுப்பிவிட்டாள். ஐந்தாவது உத்தரத்தின் நுனி உக்கிவிட்டது, ஆள் நிற்கக்கூடாது, முட்டுக் கொடுக்க வேண்டும். கஸ்பாரே பின்னேரம் வந்தான். ஏணியில் நின்றபடியே எட்டிப் பார்த்தான். எஞ்சினியருக்குத் தெரிந்தால் வேலை மூன்று மாதம் நிற்கும் என்று சலித்துக்கொண்டான். அந்த இடத்து நுரையைத் தொடாதே, கடைசியில் பார்ப்போம், மற்றவர்களுக்கு நான் சொல்கிறேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரெல்லாவுக்கு நன்மை விருந்துக்குப் போகக் கிடைக்கவில்லை. வார இறுதியில் ஒரு கிழவிக்குத் துணையிருக்கும் வேலை. திங்கள் காலை ஏழு மணிக்கு மாளிகை முற்றத்தில் அகஸ்ரின் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். கையில் போன்.

"நீங்கள் வரேல்லைத்தானே அக்கா. இதைப் பாருங்கோ."

கூரையறைக்கு நான்கு மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒவ்வொரு வீடியோவாகக் காட்டினான். மகள் வெள்ளைச் சட்டையோடு கோயில் வாசலில். மகள் கேக் வெட்டுவது. அவனே ஆடுவது, ஆட்டம் தெரியாமல் கையை மட்டும் அசைத்துக்கொண்டு. ஸ்ரெல்லா சிரித்தாள். கிளறாவின் சாறியைப் பற்றிக் கேட்டாள். மேலே போய்ச் சேர்ந்தபோது பலகைகள் ஒன்றுமில்லை. கஸ்பாரே காலையிலேயே அவற்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரான்காச்சோவில் இன்னொரு வேலைக்குப் போயிருந்தான். கயிறும் அவற்றோடு போய்விட்டது. அகஸ்ரின் போன் போட்டுக் கேட்டான். மத்தியானம் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் உத்தரத்தின் மேல் பார்த்து நடந்துபோங்கள் என்று பதில் வந்தது. அகஸ்ரின் தலையை ஆட்டிக்கொண்டு மாஸ்க்கைப் போட்டான். ஸ்ரெல்லாவும் போட்டாள். மாஸ்க் போட்டுவிட்டால் பேச்சுக் கேளாது.

அவள் ஒன்பதாம் தீராந்திப் பக்கத்து மூலைக்குள் ஊர்ந்து போனாள். வெட்டிய துண்டுகளைப் பையில் நிரப்பி வெளியே தள்ள, அவன் உத்தரங்களின் மேல் நடந்து வந்து எடுத்துப் போய் ஏணிவாசலில் அடுக்கினான். நான்கு பை போயிற்று. ஐந்தாவது பையைத் தள்ளியபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, உக்கின உத்தரத்தை அவனுக்குச் சொல்லவில்லை என்று. கஸ்பாரே சொல்லியிருப்பான் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இந்தத் துண்டை அறுத்து முடித்துவிட்டு வெளியே போய்ச் சொல்வோம் என்று நினைத்தாள். பாதி அறுத்திருப்பாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரப் பலகை முறிகிற மாதிரி ஒன்று, பிறகு சாந்து கொட்டுகிற மாதிரி ஒன்று. கூரையறை முழுக்க வெளிச்சம் வந்தது. ஆறு வாரமாக நெற்றி விளக்கில் மட்டும் பார்த்த இடம், கீழேயிருந்து மண்டபத்து ஜன்னல் வெளிச்சம் ஏறி, தூள் பறப்பது கூடத் தெரிந்தது. அவள் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றாமல், ஐந்தாம் தீராந்தி முறிந்து நாணல் தட்டி பிளந்திருந்த விளிம்புவரை போய்ப் பார்த்தாள். நாணல் குச்சிகளுக்கும் சித்திரத் துண்டுகளுக்கும் நடுவில் அகஸ்ரின் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கால் ஒன்று மட்டும் அசைந்தது.

மண்டபத்துக்கு எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. அம்புலன்ஸுக்குச் சொன்னது சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்க் கடைக்காரர். அவள் அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்து, தம்பி, தம்பி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கண் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை.

அம்புலன்ஸ் போன கையோடு கஸ்பாரே வந்துவிட்டான். அவன் முதலில் செய்த வேலையை அவள் முற்றத்திலிருந்து பார்த்தாள். வான் வண்டியிலிருந்து பலகைகளையும் கயிற்றையும் இறக்கி, இரண்டு தரமாகத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனான். பிறகு கீழே வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டான். அவன் சத்தம் போடவில்லை. பலகை அங்கே இருந்தது, அவன்தான் அதில் நடக்கவில்லை, கயிற்றையும் அவனே கழற்றினான், அவ்வளவுதான் என்றான். ஜூலையில் குவெஸ்தூராவுக்குப் போகும்போது என் கையெழுத்து வேண்டும், மகள் பள்ளிக்கூடம் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததையே சொன்னான். கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். உத்தரம் உக்கிப்போனது உனக்கு வியாழக்கிழமையே தெரியும், நீ ஏன் அவனுக்குச் சொல்லவில்லை?

மற்றவையெல்லாம் அவளைப் பயப்படுத்தின. அந்தக் கேள்விதான் அவள் வாயை அடைத்தது. அவன் அவள் கையிலிருந்த போனை வாங்கி, வியாழக்கிழமைப் படத்தையும் எழுத்தையும் தேடி அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பொலிஸார் இருவர் வந்து விசாரித்தார்கள். பலகை இருந்ததா? சீ, ஆம், இருந்தது. கயிறு இருந்ததா? சீ. அவரே கழற்றினாரா? சீ. பெண் பொலிஸ் ஒருத்தி மெதுவாகத்தான் கேட்டாள். தண்ணீர்கூடக் கொடுத்தாள். எழுதி முடித்த தாளில் ஸ்ரெல்லா கையெழுத்து வைத்தாள்.

அகஸ்ரின் இரண்டாம் நாள் விடியற்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அடக்கம் பலெர்மோவிலேயே நடந்தது. நன்மை விருந்துக்கு வந்த அதே ஆட்கள் அந்தக் கிழமைக்குள் திரும்பவும் வந்து நின்றார்கள். செத்தவீட்டில் கிளறா ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்து ஒரு விஷயம் கேட்டாள். அவர் பலகை இல்லாமல் நடக்கிற ஆளில்லையே அக்கா, வீட்டிலை பல்ப் மாத்தவே என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லுற மனுசன், உண்மையிலையே அவர் கயிறைக் கழட்டினவரோ? ஸ்ரெல்லா ஓம் என்றாள். பொலிஸுக்கு மூன்று தரம் சொன்ன பொய்யைவிட அந்த ஓம் அவளுக்குப் பாரமாக இருந்தது.

ஜூலையில் கஸ்பாரே சொன்னபடி கையெழுத்து வைத்தான். பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பம் போயிற்று. அவள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். மாளிகைக்கு முத்திரை வைத்துவிட்டதால் வேறு வீடுகள். வெட்டிய நுரைக்கு அடியில் என்ன தெரிந்தாலும் இப்போது நிறைவு வரவில்லை.

செப்டெம்பரில் கஸ்பாரேயின் காப்புறுதிக் கம்பனியிடமிருந்து கிளறாவுக்கு ஒரு தடித்த கடிதக்கட்டு வந்தது. விபத்து அகஸ்ரினுடைய சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று சொல்லும் கடிதம். கூடவே சாட்சியங்களின் பிரதிகள். கிளறாவுக்கு இத்தாலியன் அவ்வளவாக வாசிக்க வராது. கோயிலில் நன்றாக வாசிக்கிற பிள்ளை என்று பெயர் எடுத்தவள் ஜெனுஷா. அவளைத்தான் கூப்பிட்டாள். ஜெனுஷா பள்ளிக்கூடம் முடிந்து பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்குப் போய், கிளறாவின் சமையலறையில் இருந்து ஒவ்வொரு தாளாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏழாவது தாள் அவளுடைய தாயின் வாக்குமூலம். அதையும் வாசித்தாள், பாதியில் நிறுத்தாமல். வாசித்து முடித்துவிட்டு, நேரமாயிற்று என்று சொல்லி எழும்பி வந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. ஸ்ரெல்லா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பொலிஸ் எழுதின அந்த வெர்பாலேயை நான் வாசிச்சனான். அதிலை உங்கடை ஃபிர்மா, உங்கடை கையெழுத்து, கிடக்கு."

ஸ்ரெல்லா கத்தியை வைத்தாள்.

"தீராந்தி உக்கிப்போச்செண்டு கஸ்பாரே கேப்போவுக்கு இத்தாலியனிலை எழுதினது நான். அதைப் பற்றி அதிலை ஒரு சொல்லும் இல்லை. ஏன் அம்மா?"

"அந்த மெசேஜ் இப்ப இல்லைப் பிள்ளை. அவன் அழிச்சுப்போட்டான்."

"என்ரை போனிலை இருக்கு," என்றாள் ஜெனுஷா. "போட்டோவும் இருக்கு, உங்கடை வாய்ஸும் இருக்கு. நான் வாசிக்கேக்கை கிளறா அன்ரி என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் என்னையும் பொய் சொல்ல வைச்சிட்டியள்."

அதற்குப் பிறகு மகள் தாயோடு தானாகக் கதைப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாள், படித்தாள், படுத்தாள். ஸ்ரெல்லா முதல் ஒரு கிழமையும் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்தது, செய்யப் பயமாக இருந்தது. பெர்மெஸ்ஸோ இன்னும் கைக்கு வரவில்லை. பொய் சாட்சி சொன்னவளைச் சிறையில் போடுவார்களோ, திருப்பி அனுப்புவார்களோ என்பதும் தெரியவில்லை. எட்டாம் நாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறிப் பிரான்காச்சோவுக்குப் போனாள்.

கிளறா கதவைத் திறந்து உள்ளே விட்டாள். தேத்தண்ணி வைக்கப் போனவளை ஸ்ரெல்லா இருக்கச் சொன்னாள். பலகை இல்லாததைச் சொன்னாள், கஸ்பாரே பிறகு கொண்டுவந்து போட்டதைச் சொன்னாள், தூண் மறைவில் நடந்ததையும் சொன்னாள். பிறகு வியாழக்கிழமையைச் சொன்னாள். உளி கைப்பிடி வரைக்கும் போனதைச் சொன்னாள்.

கிளறா அழவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"பொலிஸிலை சொன்னதை விடுங்கோ அக்கா," என்றாள் கடைசியில். "பயத்திலை சொன்னனீங்கள். நானெண்டாலும் சொல்லியிருப்பன். அந்தத் திங்கக்கிழமை காலமை அவரோடைதானே படியேறினனீங்கள்?"

"ஓம்."

"நாலு மாடி."

"ஓம்."

"என்ன கதைச்சனீங்கள்?"

ஸ்ரெல்லா சொன்னாள். முதல் மாடித் திருப்பத்தில் கோயில் வாசல் வீடியோ. இரண்டாம் திருப்பத்தில் கேக். மூன்றாவதில் அவன் ஆடினது. உன் சாறியின் கரை நிறத்தைப் பற்றிக் கேட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, நீலமோ பச்சையோ என்று சிரித்தார். மேலே போனதும் பலகை இல்லையென்று போன் எடுத்தார். பிறகு மாஸ்க் போட்டோம்.

"வீடியோ பாத்தனீங்கள்," என்றாள் கிளறா.

"ஓம்."

"சிரிச்சனீங்கள்."

ஸ்ரெல்லா தலையை ஆட்டினாள்.

"பொலிஸிலை போய் உள்ளதைச் சொல்லுங்கோ. அவரிலை பிழையில்லையெண்டு என்ரை பிள்ளைக்கு ஒரு கடுதாசி வேணும்," என்றாள் கிளறா. "ஆனா இனி இஞ்சை வராதேங்கோ. உங்கடை முகத்தைப் பாத்தா எனக்கு அந்தப் படியெல்லாம் தெரியும்."

தொழிற்சங்க அலுவலகத்தில் இருந்த வக்கீல் ஒருவர், வழக்கு முடிவதற்கு முன் வாக்குமூலத்தைத் திருத்திச் சொன்னால் தண்டனை இல்லை என்று விளக்கினார். அக்டோபரில் ஜெனுஷாவையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்ரெல்லா அரச வழக்குத்தொடுநரின் முன் எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே சொன்னாள். அதைச் சொல்லத் தேவையில்லை என்று வக்கீல் முன்கூட்டியே கூறியிருந்தார். ஜெனுஷாவின் போனை வாங்கிப் படத்தைப் பிரதி எடுத்தார்கள். மகள் அன்று தாயின் பக்கத்தில் இருந்து, தாய் தடுமாறிய இடங்களில் சொல் எடுத்துக் கொடுத்தாள். வெளியே வந்தபோது, பசிக்கிறது அம்மா என்றாள். அதுதான் ஐந்து கிழமைக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

கஸ்பாரே மறுநாளே அவளை நிறுத்தினான். பெர்மெஸ்ஸோ விண்ணப்பம் அந்தரத்தில் நின்றது. ஏழு மாதம் அலைந்த பிறகு, வேலை தேடுபவர் என்ற பெயரில் ஒரு வருஷத்துக்குக் கிடைத்தது. வழக்கு, விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணினால், ஒன்றரை வருஷம் இழுத்தது. கஸ்பாரேயின் வக்கீல் இரண்டு வாக்குமூலங்களையும் அருகருகே பிடித்துக்கொண்டு, இந்தப் பெண் எந்த நாள் உண்மை பேசினாள் என்று கேட்டார். அவள் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமிருந்திராது. அதை அங்கே எல்லோர் முன்னாலும் நின்றபடி அவள் விளங்கிக்கொண்டாள். கடைசியில் கஸ்பாரே குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வந்தது. தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, சிறைக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் மைத்துனன் பெயரில் புதிய கம்பனி ஒன்று தொடங்கியதாகக் கேள்வி. இறந்தவரில் குற்றமில்லை என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. கிளறா கேட்ட கடுதாசி அதுதான்.

அந்தத் தாள் கைக்கு வந்த கையோடு கிளறா மகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே ரெஜ்ஜோவில் இருக்கும் தமையனிடம் போய்விட்டாள். ஸ்ரெல்லாவுக்கு அது பூசை முடிந்து ஆட்கள் கதைத்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. யார் வழியனுப்பினார்கள், எந்த ரயிலில் போனார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கஸ்பாரே நிறுத்தியதிலிருந்து மாடிப்படி கழுவிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் போயிருந்தது. மூச்சு முன்னைப்போல இல்லை, மூன்றாம் மாடியில் நிற்க வேண்டியிருந்தது. பெர்மெஸ்ஸோ முடிய நான்கு மாதம் இருக்கும்போது இன்னொரு ஒப்பந்தக்காரர் அவளைத் தேடி வந்தார். நுரை எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மூலைக்குள் போகிறவர்கள் இல்லை என்றார். ஜெனுஷா வேண்டாம் என்றாள். வைத்தியரும் நல்லதல்ல என்றார். ஸ்ரெல்லா ஒப்பந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். மறுகிழமை போனாள்.

அங்கே அவளோடு வங்காளி ஒருவனும் சிசிலியர் இருவரும். காலையில் மேலே ஏறியதும், யாரும் மாஸ்க் போடுவதற்கு முன், அவள் முந்தின நாள் பார்த்ததையெல்லாம் சொல்வாள். எந்த உத்தரம் நல்லது, எது ஈரம், எங்கே நாணல், எங்கே சட்டம் வெடித்திருக்கிறது. விரலால் காட்டிச் சொல்வாள். சொல்லி முடித்து, திரும்பவும் முதலிலிருந்து சொல்வாள். நேற்றும் இதையேதானே சொன்னாய் என்று சிசிலியன் ஒருவன் ஒருநாள் அலுத்துக்கொண்டான். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவள் மூன்றாம் தரமும் கிழக்குப் பக்கமிருந்து எண்ணத் தொடங்கினாள்.